மூன்றாவது சங்கு

குரங்கணியில் என் கழுதை மட்டும்தான் படித்த கழுதை, ஏட்டையா. ஏலக்காய் மூட்டையோடு தனியாகவே போடிக்கு இறங்கும். எடை போடுகிறவன் விரல் தராசில் பட்டால் ஓர் உதை கொடுத்துவிட்டுத்தான் திரும்பும். நம்பாவிட்டால் போகட்டும். மற்றதை நம்புங்கள்.

என் மகள் வேலுத்தாயை அவள் தாய்மாமன் சுருளிவேலுக்கே கட்டிக்கொடுத்தேன். வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷம் கழித்துத் தலைப்பிள்ளை. பிறந்த வாரமே கண்ணெல்லாம் மஞ்சள். மஞ்சளுக்கு எங்கள் பக்கம் கழுதைப்பால் புகட்டுவது வழக்கம். நானே கறந்து, நானே சங்கில் ஊற்றிப் புகட்டினேன். பிள்ளை தங்கவில்லை. அடுத்ததுக்கும் அதே மஞ்சள், அதே சங்கு.

மூன்றாவதைப் போடியில் கிரேஸ் டாக்டரம்மாவிடம் தூக்கிப்போனோம். பிள்ளையின் மூத்திரத்தை ஏதோ நீலத் தண்ணீரில் விட்டுக் காய்ச்சினார். செங்கல் நிறத்துக்கு மாறியது.

"பாலில் இருக்கிற சர்க்கரை இவன் ஈரலைக் கெடுக்குது. பிறவியிலேயே வர்றது, சொந்தத்துக்குள்ளே கட்டினா அபூர்வமா இப்படி ஆகும். தாய்ப்பால்கூட ஒரு சொட்டு ஆகாது."

"கழுதைப்பால், தாயி?"

"அதுவும் விஷம்தான் பெரியவரே. முந்தின பிள்ளைகளுக்கு யாரு கொடுத்தது?"

வேலுத்தாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மதுரையிலிருந்து வரவழைத்த சோயா மாவுக் கஞ்சியில் பிள்ளை தேறினான். கண் வெளுத்தது. "மாமா, உங்க கழுதைகிட்டச் சொல்லிருங்க, இனிமே இங்கே அதுக்குச் சோலி இல்லேன்னு" என்று சுருளிவேல் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். இவன் கண் வெளுக்க வெளுக்க, முந்தின இரண்டும் என் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டன.

பால் குடித்தும் இவன் பிழைத்துவிட்டால் டாக்டரம்மா சொன்னது பொய்யாகிவிடும். அந்த இரண்டையும் மஞ்சள்தான் கொண்டுபோனது என்றாகிவிடும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வேலுத்தாய் ஓடைக்குத் துணி அலசப் போகும்போதெல்லாம் சங்கை எடுத்தேன். என் விரலைப் பிடித்துக்கொண்டே குடித்தான். மறுபடி மஞ்சள் ஏறியபோதும் நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் என்ன தெரியும், சொல்லுங்கள்?

நேற்று அடக்கம் பண்ணினோம். டாக்டரம்மாதான் உங்களிடம் வந்து சொல்லியிருப்பார்.

அவர் சொன்னது நிசமென்றால் மூன்றும் என் கையால் போயிருக்கின்றன. பெற்ற மகளுக்கு எந்தத் தகப்பனாவது அப்படிச் செய்வானா? அதனால் அது நிசமில்லை, ஏட்டையா. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.