அலுவலகம் வீட்டுக்குப் போன காலம்

காய்ச்சல் வார்டுகளைக் கட்டிக் காத்த கரங்களோடு இந்த அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் மருத்துவமனையின் தலைமைச் செவிலியர் அம்மையார் அவர்களே! கோடு கோணினால் கோபமும், கோடு நிமிர்ந்தால் குழைவும் கொள்ளும் எங்கள் நிறுவனத்தின் மூத்த பங்குதாரர், நாங்கள் ‘பெரியவர்’ என்று அன்போடும் அச்சத்தோடும் அழைக்கும் பெருந்தகையே! காகிதத்தில் நாங்கள் கண்ட கனவுகளுக்குக் கல்லும் மரமும் கொடுத்த கொத்தனார்களே, தச்சர்களே! எங்களைப் பெற்றதோடு நில்லாமல் பொறுத்தும் வருகிற, இன்று முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்டுவிட்ட தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்தக் கட்டட வடிவமைப்பு நிறுவனத்தின் இளைய பங்குதாரராகிய என் பணிவான வணக்கம்.

இன்று எங்கள் புதிய அலுவலகத்தைத் திறக்கிறோம். புதியது என்றா சொன்னேன்? இடம் பழையதுதான். அதே மாடி, அதே படிக்கட்டு, அதே வழுக்கும் மூன்றாம் படி. ஆனால் உள்ளே நுழைந்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: “மேசையெல்லாம் எங்கங்க போச்சு?” நல்ல கேள்வி. நாக்கு நுனியில் பதில் இருந்தும் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது சொல்கிறேன்.

தொற்றுநோய் வருவதற்கு முன் இந்தக் கூடம் எப்படி இருந்தது? வரிசை வரிசையாக மேசைகள். மேசைக்கு ஒரு முதுகு. ஒவ்வொரு முதுகுக்கும் பின்னால் பெரியவர்! கண்ணுக்கு முன்னால் இல்லாத ஆள் வேலை செய்வதில்லை என்பது அவருடைய கொள்கை. சிரிக்காதீர்கள், அவர் உங்களையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அப்போது எங்கள் கையில் இருந்தது ஒரே ஒரு பெரிய வேலை. அலுவலகங்களுக்கென்றே எழப்போகும் ஒரு கண்ணாடிக் கோபுரம். அதை நம்பித்தான் எங்கள் எல்லோர் வீட்டு அடுப்பும் எரிந்தது.

பிறகு ஊர் அடங்கியது. தெரு அடங்கியது. இந்தக் கூடமும் அடங்கியது. கணினிகளைப் போர்வையில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் தோளில் சாய்த்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனோம். அந்த வாரமே கோபுரத்துக்காரர் தொலைபேசியில் அழைத்தார். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. “ஆபீஸுக்கு வரவே ஆள் இல்லை. நான் யாருக்குங்க ஆபீஸ் கட்டறது?” என்றார். கோபுர வேலை அதோடு நின்றது. மனிதர் கேட்டதில் நியாயம் இருந்ததே!

பாதிப் பேரை அனுப்பிவிடலாம் என்றார் பெரியவர். அப்படிச் சொன்னபோது அவர் குரல் உடைந்தது என்பதையும் இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் பொறுங்கள் என்று கேட்டேன். என்ன தைரியத்தில் கேட்டேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. சரி என்றார்.

அன்பர்களே, ஊருக்கெல்லாம் வீடு வரைந்த நாங்கள் எங்கள் வீட்டில் எங்கே உட்கார்ந்தோம் தெரியுமா? ஒருவர் துணி தேய்க்கும் பலகையில். ஒருவர், அமைதி வேண்டி, குளியலறையில். நான் சமையல் மேடையில். ஒரு பக்கம் வரைபடம், மறுபக்கம் வெங்காயம். பெரியவரோ திரையில் தினமும் வந்தார், ஆனால் அவருடைய நெற்றி மட்டும்தான் வந்தது. விருந்தாளி வந்தால் காட்டுவதற்குக் கூடம் வரைந்தோம், கூடத்துக்குள் தூண் வரைந்தோம். ஒரு மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார ஒரு மூலை வரைந்தோமா? வரையவில்லையே! இத்தனை பட்டமும் பெற்று எங்களுக்கு அது அப்போதுதான் உறைத்தது.

எங்களிடம் ஒரு வரைகலைஞர் இருக்கிறார். அளவுகோல் இல்லாமலே நேர்கோடு போடுவார்; அதனால் அவருக்குக் ‘கோட்டழகர்’ என்று பெயர். அதோ, ஐந்தாம் வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறாரே, அவரேதான். தினமும் திரையில் பார்த்தால் அவர் மட்டும் வாசற்கதவுக்குப் பக்கத்தில், செருப்புகளுக்கு நடுவே, தரையில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் பெரியவர் கடிந்துகொண்டார், உள்ளே போய் ஒழுங்காக உட்காரக் கூடாதா என்று.

கோட்டழகர் ஒருமுறை கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “உள்ள உக்காந்தா அவ வர்றது தெரியாது சார்.”

அவருடைய மனைவி காய்ச்சல் வார்டில் செவிலியர். நோயை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோமோ என்று அஞ்சி, மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே ஓர் அறையில் தங்கியிருந்தார். பணி முடிந்ததும் வருவார். படிக்கட்டின் அடியில் நிற்பார். மேலே கதவருகே மகள் நிற்பாள். இருவரும் கொஞ்ச நேரம் பேசுவார்கள். பிறகு அம்மா போய்விடுவார். மகள் அழுவதில்லையாம், அன்று இரவு சாப்பிடுவதும் இல்லையாம்.

இத்தனையும் அவர் அன்று திரையிலேயே சொன்னார். அப்போது அந்த நெற்றி மெல்லப் பின்னால் நகர்ந்தது. முதன்முறையாகப் பெரியவரின் முழு முகமும் தெரிந்தது. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “நாம என்ன தொழில் பண்றோம்? கோபுரம் கட்டறோம்னு சொல்லிக்கிட்டுத் திரியறோம். ஒரு அம்மாவ அவ வீட்டுக்குள்ள கொண்டு வர நமக்கு வழி தெரியலைன்னா, பேனாவ மூடி வெச்சிடலாம்.”

மூடவில்லை, அன்பர்களே! திறந்தோம்! அன்றே அந்த வீட்டின் வரைபடத்தை எல்லோர் திரையிலும் விரித்தோம். கோடியில் ஒரு படுக்கையறை. அதையொட்டிப் பால்கனி. பால்கனியைத் தொட்டுக்கொண்டு யாரும் சீந்தாத பின்படிக்கட்டு. போதாதா? பின்படிக்கட்டு அவருக்கு வாசலானது. பால்கனி அவர் குளித்து உடைமாற்றும் இடமானது. காற்று கூடத்துப் பக்கம் திரும்பாமல் வெளியேறும்படி விசிறி வைத்தோம். அது சரியா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டோம். படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரில் ஒரு பெரிய கண்ணாடி, இடுக்கில்லாமல் அடைத்தோம். சுவரை இடிக்க வீட்டு உரிமையாளர் தயங்கினார். பெரியவர் அவரோடு பேசினார். என்ன பேசினாரோ, மறுநாள் உரிமையாளரே சுத்தியலோடு வந்து நின்றார்! தச்சர் சாப்பாட்டு மேசையை இரண்டாக அறுத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி பொருத்தினார்.

அம்மா வீட்டுக்கு வந்தார். மேசையில் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு இப்பால் மகள். தட்டு வந்தது. வார்டில் நாள் முழுவதும் எல்லோரையும் அதட்டிவிட்டு வந்த அந்தச் செவிலியரை மகள் முறைத்துப் பார்த்தாள். “கை கழுவுனியாம்மா?” என்று கேட்டாள். எழுந்து போய் மறுபடியும் கழுவிவிட்டு வந்தாராம். அன்று இரவு அந்தப் பிள்ளை இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாம்!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். கோட்டழகர் இப்போது தலை நிமிரட்டும்.

அந்தச் செவிலியர் தன் தோழிகளிடம் சொன்னார். தோழிகள் அழைத்தார்கள். மருந்தகக்காரர் அழைத்தார், வாடிக்கையாளரை எங்கே நிறுத்துவது என்று. பள்ளித் தலைமையாசிரியை அழைத்தார், எந்தச் சன்னலைப் பெரிதாக்குவது என்று. சின்னச் சின்ன வேலைகள். கோபுரத்துக்குப் பழகிய கைக்குக் கொசுவலை மாட்டுவது போன்ற வேலைகள். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நான் கேட்ட ஒரு மாதமும் போனது; யாரை அனுப்புவது என்ற பேச்சும் அதோடு போனது. ஒருவரையும் அனுப்பவில்லை, அன்பர்களே, ஒருவரையும் அனுப்பவில்லை!

நோய் தணிந்தது. இனி அலுவலகமே வேண்டாம், வீடே போதும் என்றோம் இளையவர்கள். பெரியவர் ஒப்பவில்லை. “வரைபடத்த ஸ்கிரீன்ல பாக்கலாம்மா. பக்கத்துல இருக்கறவன் விடற பெருமூச்ச எதுல பாக்கறது?” என்று என்னிடம் கேட்டார். வாதாடினோம், வழக்காடினோம், கடைசியில் வழிக்கு வந்தோம். யார் என்கிறீர்களா? இரண்டு தரப்பும்தான்! மேசை வரிசைகள் போயின. எல்லோரும் சேர்ந்து உட்கார ஒரே ஒரு நீள மேசை. தனித்திருக்க விரும்புவோருக்குக் கதவு வைத்த சின்ன அறைகள். திறக்கத் தெரிந்த சன்னல்கள். கூடிப் பேச வேண்டிய நாளில் கூடுவோம். மற்ற நாளில் அவரவர் வீட்டில். முதுகுக்குப் பின்னால் நிற்க இப்போது பெரியவருக்கு இடமே இல்லை. அவரும் மேசையில்தான் உட்கார்ந்தாக வேண்டும்!

சுவர் எவருக்காக? சன்னல் எவருக்காக? உயரம் எவருக்காக, உறுதி எவருக்காக? உள்ளே இருக்கப்போகிற உயிருக்காக! அந்த உயிர் எங்கே உட்காரும், எப்படி மூச்சு விடும், யார் முகம் பார்த்துச் சாப்பிடும் என்று கேட்ட பிறகுதான் இப்போது எங்கள் அலுவலகத்தில் முதல் கோடு விழுகிறது.

ஒன்றே ஒன்று சொல்லி அமர்கிறேன். நோய் உச்சத்தில் இருந்தபோது தலைவர் அம்மையார் எங்களை அழைத்தார். மருத்துவமனையின் பின்புறம் இருந்த பழைய கிடங்கைச் செவிலியர்களுக்கு ஓய்வில்லமாக்கித் தரக் கேட்டார். ஆக்கித் தந்தோம். திறந்த அன்று, உள்ளபடியே சொல்கிறேன், பாராட்டு கேட்கும் ஆசையோடு பெரியவரும் நானும் முகக்கவசம் அணிந்து வாசலில் காத்திருந்தோம். இரவுப் பணி முடிந்து காலையில் உள்ளே போன செவிலியர்கள் வெளியே வரவில்லை. மதியம் ஆயிற்று. வரவில்லை. கட்டடத்தில் ஏதோ குறையோ என்று பெரியவர் வெளிச்சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அம்மையார்தான் கதவைக் கொஞ்சமாகத் திறந்து எட்டிப் பார்த்தார். திரும்பி, உதட்டில் விரல் வைத்து, “எல்லாரும் தூங்கறாங்க. சத்தம் போடாம வீட்டுக்குப் போங்க” என்றார்.

உள்ளிருந்து ஒரு குறட்டை கேட்டது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார், கச்சேரி கேட்பதுபோல. எங்களுக்கு அதைவிடப் பெரிய விருதை எந்த மன்றமும் இனி தந்துவிட முடியாது!

வந்து அமர்ந்த உங்களுக்கும், பொறுத்துக் கேட்ட தாய்மார்களுக்கும், கட்டிய கைகளுக்கும், காத்த கைகளுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.