உயிரோடிருப்பவனுக்கு அந்தியேட்டி

உயிரோடிருக்கும் தம்பிக்கு அந்தியேட்டி என்னும் ஈமக்கிரியை செய்தவர் நீர். உம்மை எனக்குத் தெரியாது. வவுனியாவிலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் உம்முடைய தம்பியின் மனைவி, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“ஆயுள் தண்டனையிலை மறியலுக்குப் போனவன் செத்தவன்தானெண்டு தமையனார் அந்தியேட்டிச் சடங்கை முடிச்சிட்டார், அக்கா. வயலையும் பிடிச்சிட்டார். இப்ப அப்பீலிலை ஏழு வருசமாக் குறைச்சிருக்கினம்.”

“வரட்டும். தன்ரை திவசச் சோத்தைத் தானே சாப்பிடட்டும்.”

அவள் சிரிக்கத் தொடங்கி அழுதாள். “செத்தவனுக்குப் பங்கில்லையாம். அந்த மனுசன் வந்து எங்கை இருக்கிறது, அக்கா?”

இப்போது கேட்கிறேன். கோயில் வாசலில், ஊர் கூடியிருக்கும்போது நீர் சொல்லும்: உம்முடைய தம்பி உயிரோடு இருக்கிறானா, இல்லையா?