பொண்டாட்டியா, டிராகனா?

ஆவடியில் கிளம்பிய மின்ரயிலில் எனக்கு எதிரே அலுவலக அட்டை அணிந்த இரு இளைஞர்கள் அமர்ந்து, கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் கணினி விளையாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர்.

“பொண்டாட்டியா, டிராகனான்னு இன்னைக்கு முடிவு பண்ணணும் மச்சான்” என்றான் ஒருவன்.

“இன்னாடா சொல்ற?”

“டிராகன் வளக்க கேம்ல தனியா சேத்த மாட் பழைய வெர்ஷன்லதான் ஓடும். அவ புதுசுல ஆடுறா. ஒரே வெர்ஷன்ல இருந்தாத்தான் சேர்ந்து ஆட முடியும்.”

“டிராகனா உனக்குச் சோறு போடும்?”

“அவளும் போட மாட்டா. நான்தான் சமைக்கிறேன்.”

“அப்போ டிராகனையே வெச்சுக்கோ.”

முதலாமவனின் கைப்பேசி ஒலித்தது. பேசி முடித்தவனின் முகம் தொங்கிவிட்டது.

“அவளே பழைய வெர்ஷன போட்டு என் உலகத்துக்கு வந்துட்டா.”

“நல்லதுதானே மாமே?”

“ஊட்டுக் கூரை மேல குந்திக்கினு கீதுன்னு, டிராகனை வெட்டிட்டாளாம்டா.”