திரும்பத் தோண்ட முடியாத பனி

அவைக்குத் தலைமை தாங்கும் பேராசிரியப் பெருந்தகை அவர்களே! ஆய்வகத்தின் ஆணிவேராய் நிற்கும் மூத்தோர்களே! பிள்ளைகளைப் பனிப்பாலைக்கு அனுப்பிவிட்டுப் பெருமூச்சு விடப்போகும் தாய்மார்களே! தென்துருவம் துளையிடத் துணிந்து புறப்படும் தோழர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

பயணக் குழுவின் தலைவரை வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். அவர் என் கணவர். வீட்டில் காது கொடுக்காதவரை மேடையில் ஒரு பிடி பிடிக்கலாம் என்றுதான் ஒப்புக்கொண்டேன். சிரிக்காதீர்கள் அம்மா, உங்கள் வீட்டிலும் இதே கதைதான்!

பனிக்கட்டியில் அப்படி என்ன இருக்கிறது? பனி பெய்து, படிந்து, இறுகும்போது அந்தக் காலத்துக் காற்றையும் குமிழிகளாய்ப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் காற்றை அளந்தால்தானே அன்று பூமி எப்படி இருந்தது, இன்று என்ன பாடு படுகிறது என்று தெரியும்? அவர் தென்துருவத்தில் தோண்டினார். நான் வடதுருவத்தை ஒட்டிய ஒரு சின்னத் தீவில் தோண்டினேன். இருவர் பனியும் ஆய்வகத்தின் ஒரே குளிர் அறையில் குடித்தனம் நடத்தின.

சென்ற கோடையில் அந்த அறையின் கம்ப்ரசர் நின்றுபோனது. மெக்கானிக் வருவதற்குள் எல்லாம் தண்ணீராகிவிடும். கைவசம் ஒரேயொரு ஃப்ரீசர். ஒருவர் பெட்டிகளுக்குத்தான் அதில் இடம். அவருடையதோ இன்னும் அளக்காத பனி, பல ஆண்டு உழைப்பு. அதைத்தான் இருவரும் அவசர அவசரமாக அடுக்கினோம். பாதியில் சட்டென்று நின்றார்.

"ஏய், உன் தீவுல இப்ப பனி இருக்கா?"

"எங்கங்க இருக்கு? போன வருஷமே வெறும் பாறையாயிடுச்சு."

"அப்ப உன்னோடத உள்ள வை. சீக்கிரம்!"

"இவ்வளவு வருஷம் பாடுபட்டீங்களேங்க..."

"என்னோடது அங்க மலை மலையா கிடக்கு, மறுபடி போய்த் தோண்டிக்கிறேன். உன்னோடத எங்க போய்த் தோண்டுவ?"

அடுக்கியதை அவரே வெளியே இழுத்தார். பெரியோர்களே, பழைய பனி உருகும்போது சத்தம் போடும். அடைபட்ட காற்று படபடவென்று வெடித்து வெளியேறும். அளக்காத காற்று, ஆயிரமாயிரம் ஆண்டுக் காற்று! அதைக் கேட்டுக்கொண்டே தரையைத் துடைத்தார். நான் விம்மி விம்மி அழுதேன். தான் அழவில்லை என்பார், நம்பாதீர்கள்.

எந்தத் தைரியத்தில் விட்டுக்கொடுத்தார்? போனால் கிடைக்கும் என்ற தைரியத்தில்! என் தீவைப் பற்றி அப்படிச் சொல்ல முடிந்ததா? நாளை நம் பிள்ளைகள் எந்தப் பனியைப் பற்றி அப்படிச் சொல்வார்கள்? புகையைக் கக்கிக்கொண்டே, பூமியைப் பொசுக்கிக்கொண்டே போனால், எந்த ஃப்ரீசரைத் தேடி ஓடுவோம்?

பொறுமையாய்ச் செவிமடுத்த அவைக்கு நன்றி. குழுவினர் அனைவரும் நலமே சென்று நலமே திரும்புக! என்னங்க, உங்களுக்கு ஒரு வார்த்தை. அங்க பனி கிடக்குன்னு சொன்னீங்களே, அது இன்னிக்கும் உண்மைதான். உண்மையா இருக்கறப்பவே போயிட்டு வாங்க. வணக்கம்.