தொரை துன்ன மாட்டேங்குறாரு

— வாயே தொறக்கல சௌக்கத்து பாய். காடைய மூஞ்சிக்கு நேரா வச்சேன். நாக்க ரெண்டு வாட்டி நீட்டிப் பாத்துச்சி. அப்பால, பந்தில மரியாத கொறஞ்சி போச்சின்னு எய்ந்து போற சம்மந்தி மாரி மூஞ்சியத் திருப்பிகினு மூலைக்குப் போயிடுச்சி.

— அட கோதண்டம், இதுக்கா மாமு என்னிய புளியந்தோப்புலேந்து ராயபுரம் வரிக்கும் இஸ்துகினு வந்த? ஆட்டுத்தொட்டில ஆடு அறுக்கற வேல முடிஞ்சி நா இன்னும் குளிக்கக்கூட இல்ல. இதுல தராசு வேற தூக்கிகினு வரச் சொல்லிட்ட.

— நாப்பது நாளு பாய். சாமிக்கு வேண்டிகினவன் கூட ஒரு வேள துன்றான். இது பச்சத்தண்ணியோட கெடக்குது.

— பாம்பு தானே மாமு.

— பாம்பு பாம்புங்காத. தொரைன்னு சொல்லு. காதுல வியும்.

— வெள்ளக்காரன் கப்பலேறிப் போயி மூணு வருசம் ஆவுது. நீ ஒரு தொரைய கப்பல்லேந்து எறக்கி வூட்ல குந்த வச்சிகினு கீற.

— நானா எறக்கினேன்? ரங்கூன் தேக்கு எறக்கச் சொல்ல மரத்துப் பொந்துலேந்து அதுவா தலைய நீட்டிச்சி. மேஸ்திரி கடப்பாறைய எடுத்துட்டாரு. நாந்தான் சட்டையக் கயட்டி மேல போத்தி, மார்ல அணைச்சி இட்டாந்தேன். மலப்பாம்புக் குட்டி பாய். வெசம் கெடையாது, ஒண்ணும் கெடையாது. எங்க மரக்கெடங்குல போயி கேட்டுப்பாரு. ரெண்டு மாசத்துக்கு முன்னால நா யாருன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. இப்ப பாம்புக் கோதண்டம்னா எய்ந்து நின்னு பீடி குடுக்கறான்.

— வாங்க பாய்ண்ணா. தொரைக்கு ஒடம்பு முடியலன்னு பாக்க வந்தீங்களா? சாத்துக்குடி வாங்கியாரலியா?

— வாம்மா கெங்கம்மா. பாம்பு எப்டி கீதோ, உன் வூட்டுக்காரன் தான் பாதியா எளச்சிப் போயிகீறான்.

— அவுரு விரதம். தொரை துன்ற வரிக்கும் இவுரும் துன்ன மாட்டாராம். மோர ஊத்திகினு ரெண்டு வாய் ரேஷன் அரிசிச் சோறு. அத்தோட எய்ந்துடுவாரு.

— த பாரு பாய், ஒரு ஜீவன் கண்ணெதுர பட்டினி கெடக்கச் சொல்ல நமக்கு எப்டி எறங்கும்? இவ தொண்டையில மட்டும் எல்லாம் எறங்குது.

— இருப்பா. தலையுமில்லாம காலுமில்லாம சொல்லாத. மொதல்லேந்து வா. இன்னா குட்த்த?

— எலி. வந்த அன்னிக்கே ஒண்ண முயுங்கிச்சி. நல்ல பசி போலன்னு மறுநா காலீல மில்லுச் சங்கு ஊதச் சொல்ல ஒண்ணு வச்சேன். மதியானச் சங்குக்கு ஒண்ணு. சாய்ங்காலச் சங்குக்கு ஒண்ணு. மூணையும் தொடல.

— அது இன்னா மில்லுல ஷிப்ட்டு பாக்குதா, சங்குக்கு சங்கு துன்றதுக்கு?

— மனுசன் மூணு வேள துன்றான், அதுக்கு வவுறு இல்லியா? பத்து நாளு கயிச்சி என்னியப் பாத்து பாவப்பட்டு இன்னொரு எலி துன்னிச்சி. அப்ப தான் எனுக்குப் புரிஞ்சிது. எலி அலுத்துப் போச்சி. நமக்கே ஒரு கொயம்ப ரெண்டு நாளு ஊத்தினா பேஜாரா கீது. அதான் மாத்தி மாத்திப் போட்டேன். வாத்து முட்ட, ஆட்டு ஈரலு, காசிமேட்டு எறா, புறா. வெலாங்கு மீனு கூட வாங்கியாந்து வச்சேன் பாய்.

— வெலாங்கா? அதுவே பாம்பு மாரி தானே கீது.

— ஆமா. ரெண்டும் ஒண்ண ஒண்ணு ரொம்ப நேரம் பாத்துகினு கெடந்துச்சி. ஊர்லேந்து பங்காளி வந்துகீறான்னு நெனச்சிச்சோ இன்னாவோ. வாயே வெக்கல.

— வெள்ளத்துரை வந்த கதையச் சொல்லுய்யா. பாய்ண்ணா சிரிக்கட்டும்.

— இதுல இன்னாடி சிரிப்பு? ரங்கூன்காரனுக்கு நம்ம பாஷை புரியலன்னு ஒரு ரோசன வந்துச்சி பாய். பக்கத்துத் தெரு வெள்ளத்துரை சண்ட காலத்துல பர்மாலேந்து நடந்தே வந்தவன். அவன இட்டாந்தேன். பொட்டிக்கு எதுர குந்திகினு ஒரு மணி நேரம் பர்மா பாஷையில பேசினான்.

— இன்னா பேசினான்?

— "துன்னு கண்ணு, துன்னு ராஜா"ன்னு தான் சொன்னேன்றான். நடுவுல அவனே அயுதுட்டான். அங்க ஒரு வூடு, ஒரு மாந்தோப்பு, எல்லாத்தயும் வுட்டுட்டு வந்தானாம். அதயும் தொரை கிட்ட சொல்லிகீறான். தொரை கேட்டுகினு தான் இருந்துச்சி. ஆனா துன்னல.

— சரி, அது துன்னாத ஈரலு, புறா, வெலாங்கு எல்லாம் எங்க போச்சி?

— இன்னா பாய்ண்ணா இப்டி கேக்கறீங்க? குப்பையிலியா கொட்றது? ஈரல வறுத்தேன். வெலாங்க புளி போட்டு கொயம்பு வச்சேன். இவுரு வேணான்னுட்டாரு. நா ஒண்டியா துன்னு தீத்தேன். பாவம்ல?

— யாரு பாவம்?

— பொருளு பாவம்.

— அதெல்லாம் உடு பாய். தராச எட்த்தியா? நாளைக்கு உயிர் காலேஜிலேந்து, அதான் புலி சிங்கம்லாம் அடச்சி வச்சிகீற எடம், ஆளு வரான். கோணியில போட்டு எட்த்துகினு போயிடுவான். அங்க மிருக டாக்டர் கீறாராம். எட எவ்ளோன்னு எய்தி வெக்கச் சொன்னாங்க.

— குட்த்துடப் போறியா மாமு? புள்ள மாரி வச்சிகினு கீறியே.

— புள்ள மாரி தான். அதுக்குன்னு என் கண்ணு முன்னால சாவட்டும்னு வுட முடியுமா? அங்க போயாவது உசிரோட இருக்கட்டும். ஞாயித்துக்கெழம போயி டிக்கெட்டு எட்த்துகினு பாத்துட்டு வருவேன். கிட்ட வுட மாட்டான். கம்பிக்கு வெளிய நின்னுகினு பாப்பேன்.

— குடுக்கக் கூடாதுன்னு நா நேத்துலேந்து கத்திகினு கீறேன் பாய்ண்ணா. நீங்களாவது சொல்லுங்க.

— உனுக்கு இன்னாடி திடீர்னு அதும்மேல பாசம்? ஒரு நாளு கண்ணுன்னு கூப்பிட்டிருப்பியா?

— கூப்பிட்டா தான் பாசமா?

— ரெண்டு பேரும் செத்த சும்மா இருங்க. அந்தக் காடைய இங்க குடு. இது இன்னா மஞ்சளா கீது?

— மஞ்சா தான் பாய்ண்ணா. கறின்னா மஞ்சாவும் கல்லுப்பும் போட்டு நாலு தண்ணி அலசாம எவளாவது வெப்பாளா?

— கொயம்புக்கு அலசும்மா. பாம்புக்கு இன்னாத்துக்கு? அதுக்கு நாக்கு தான் மூக்கு. மோந்து பாத்து மஞ்சா வாட அடிச்சா கிட்டக்கூட போவாது. எத்தினி நாளா இப்டி?

— எல்லாத்தயும் அலசித் தான் வெக்கறா பாய். நாந்தான் சுத்தமா இருக்கட்டும்னு ஒண்ணும் சொல்லல. கலீஜா துன்னு வாந்தி கீந்தி எட்த்துடப் போவுதுன்னு.

— மாமு, சுத்தமா கீறேன்னுட்டு நாப்பது நாளா பட்டினி போட்டுகீறீங்க ரெண்டு பேரும். வா, எட போடு. எலும்பும் தோலுமா தான் இருக்கும். பாவம்.

— வேணாம் பாய்ண்ணா. உசிரோட கீறத தராசுல வெக்கக் கூடாது. ஆயுசு கொறைஞ்சிடும்.

— நா பொயுதன்னிக்கும் ஆட்ட உசிரோட தான் எட போடறேன்.

— அதுங்களுக்கு ஆயுசு கொறையலியா?

— அது தராசால இல்லம்மா. கோதண்டம், பொட்டியத் தொற. வா தொரை, வா. அப்டியே சுருட்டி தட்டுல வையி. வால உள்ள தள்ளு. வந்த அன்னிக்கி நாந்தானே போட்டேன், ஒரு வீசை. இப்ப இன்னா, முக்கா வீசை தேறுமா? கல்லு போடறேன். இரு, எறங்கல. இன்னொரு கல்லு. மாமு.

— சொல்லு பாய். மனசத் தேத்திகினேன்.

— ஒரு வீசையும் பத்து பலமும்.

— தராசு கெட்டுப் போச்சா?

— என் தராசு கெடாது. உன் பாம்பு கொயுத்துப் போயிகீது. வவுத்தத் தொட்டுப்பாரு.

— காத்து கீத்தா இருக்குமா?

— காத்துக்கு பத்து பலம் வராது மாமு. நீ எளச்சிப் போயிகீற. பாம்பு ஏறிப் போயிகீது. இந்த வூட்ல யாரோ அதுக்கு ஒயுங்கா சோறு போட்டுகினு கீறாங்க. கெங்கம்மா, தரைய ஏம்மா பாக்கற?

— எலிக்கூண்டுல மாட்றது. பத்து நாளைக்கு ஒண்ணு. அவ்ளோ தான் அதுக்கு வேணும்.

— உனுக்கு எப்டி தெரியும்?

— நா பொறந்தது சடையங்குப்பம் பாய்ண்ணா. மய பெஞ்சா தண்ணியோட பாம்பும் வூட்டுக்குள்ள வரும். அது எத்தினி நாளைக்கு ஒரு வாட்டி துன்னும்னு எங்க ஊர்ல கைக்கொயந்தைக்குத் தெரியும். ராயபுரத்துல தான் சங்கு ஊதச் சொல்ல தட்டு வெக்கறாங்க.

— அப்ப மஞ்சா?

— தெரிஞ்சி தான் பூசினேன்.

— கோதண்டம், நா கெளம்பறேன். தராசு இங்கயே இருக்கட்டும், அப்பால வந்து எட்த்துக்கறேன். டீ வேணாம்மா. நா வாயத் தொறக்க மாட்டேன். ஆனா ஆட்டுத்தொட்டி வரிக்கும் சிரிச்சிகினு தான் போவேன், அதக் கேக்காதீங்க.

— போயிட்டாரு. இன்னாய்யா, அடிக்கப் போறியா?

— நாப்பது நாளு கெங்கா. நா வாய்க்கு ருசியா ஒண்ணும் துன்னல. பொட்டிகிட்ட குந்திகினு அயுதேன். நீ பாத்துகினு தானே இருந்த.

— பாத்தேன். ரெண்டு வாட்டி சொல்லிடலாம்னு வந்தேன். அன்னிக்கின்னு பாத்து நீ ஈரலு வாங்கியாந்த.

— வவுத்தெரிச்சலா கீது. நாளைக்கு கோணியில கட்டி அனுப்பி இருப்பேன்.

— அதான் கத்தினேன். ஒண்ணு கேக்கறேன். நா ஒரு நா உன்கிட்ட காடை துன்னணும் போல கீதுன்னு சொன்னேன். ஞாபகம் கீதா?

— எப்ப?

— பாத்தியா. தொரை வந்து ரெண்டு வாரம் இருக்கும். நம்ம இன்னா ஜமீனா, காடை துன்றதுக்குன்னு கேட்ட. சரின்னு அடுப்பு கிட்ட போயிட்டேன். மறுநா வேல முடிஞ்சி மூர் மார்க்கெட்டு வரிக்கும் நடந்து போயி ஒரு காடை வாங்கியாந்த. துண்டுல சுத்தி, ரெண்டு கையாலயும் ஏந்திகினு வந்த. நா எனக்குத் தான்னு வாசல் வரிக்கும் ஓடி வந்தேன்.

— கெங்கா.

— "நகரு, தொரைக்கு"ன்ன. உள்ள போயி அம்மி கிட்ட நின்னுகினு அயுதேன். அப்பால மஞ்சாவ எட்த்தேன்.

— இன்னொரு வாட்டி வாயத் தொறந்து கேட்டிருக்கலாமே.

— அது ஒரு வாட்டியாவது வாயத் தொறந்து கேட்டுச்சா?

— தப்பு தான். ஒம்போது வருசமா எது இருந்தாலும் துன்னுட்டு எய்ந்து போயிடுவ. உனுக்கும் ஒரு நாக்கு கீதுன்னே எனக்குத் தோணல. த பாரு, அயுவாத. நீ அயுதா எனக்குத் தாங்காது.

— நா அயுவல. வெங்காயம் அரிஞ்சேன்.

— வெங்காயம் எங்க கீது?

— நேத்து அரிஞ்சேன்.

— சரி. உயிர் காலேஜிக்காரன வரவேணான்னு நானே போயி சொல்லிடறேன். கெடங்குல மட்டும் யாருக்கும் தெரிய வேணாம், மானம் போயிடும். நா எப்பவும் போல கடைக்குப் போறேன், நீ எப்பவும் போல மஞ்சா போடு. சொல்லு. நாளைக்கு தொரைக்கு இன்னா வேணுமாம்? காடையா, ஈரலா?

— ரெண்டும் வேணாமாம். புளிப்பா மாங்கா கேக்குது. இது மூணாவது மாசம்.