பச்சையில் ஒரு வரியும் இல்லை

"சாப்பிட்டியா?" என்று ஒருத்தி கேட்டாள். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எனக்கு வருவதில்லை, மேடம். மற்றவர்களைக் கேட்பதுதான் என் வேலை.

அவளும் என்னைக் கேட்கவில்லை, என் அக்காவைக் கேட்டாள். அக்கா கல்லூரி விட்டதும் மருந்துக் கடை வேலைக்குப் போய்விடுவாள். பள்ளியைப் பாதியில் விட்ட நான் வீட்டுக் கணினியில் அவள் கணக்கைத் திறந்து, நீங்கள் கொடுத்த குழு வேலையைப் பார்த்துக்கொள்வேன். பேருந்து நிறுத்தங்களில் நிழல் ஏன் இல்லை என்பது தலைப்பு. குழுவில் அக்கா, படங்களைக் கவனித்த வாயாடி, கண்ணாடி என்று கூப்பிடப்பட்ட, செய்தியில் சாப்பிட்டியா என்று கேட்ட அந்தப் பெண். வேறு வேறு பிரிவிலிருந்து ஆள் சேர்த்தீர்கள். அதனால் அக்காவும் கண்ணாடியும் நேரில் பேசியதே இல்லை.

கண்ணாடியின் விடுதியில் இணையம் நொண்டும். குழுவில் எல்லோரும் எழுதும் பொது ஆவணம் திறக்காது, செய்தி மட்டும் போகும். எழுதியதையெல்லாம், வீட்டுக் கணினியில் மட்டும் திறக்கும் அக்காவின் கணக்குக்கு அனுப்பி, "ஒட்டிடுடி தங்கம்" என்பாள். நான் ஒட்டுவேன்.

"நீ எழுதுற நீளத்துக்கு எனக்கும் ஒரு கண்ணாடி வாங்கிக் குடுடி" என்று வாயாடி, ஆவணத்தில் எழுதுவது அக்கா என்று நினைத்துக் கிண்டலடிப்பாள். எனக்கு நீளமாகத் தெரியவில்லை. 'நிழல் இருக்கும் இடத்தில் பேருந்து நிற்பதில்லை' என்று கண்ணாடி எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஒருநாள் அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இதெல்லாம் நீயா எழுதின? உனக்குள்ள இவ்ளோ இருக்காடி?"

நான் தலையசைத்தேன். அப்பா தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பள்ளியை விட்ட பிறகு அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்தத் தலையசைப்பைக் காப்பாற்றுவது என் பொறுப்பாயிற்று.

அன்றே, கண்ணாடியோடான உரையாடலில் செய்திகள், பழையவையும் சேர்த்து, இருவர் போனிலும் மறுநாள் தானாக அழிந்துபோகும்படி மாற்றினேன். போனில் இடமில்லை என்று காரணம் சொன்னேன். "சரிடி" என்றாள். நல்ல பெண்.

பிறகுதான் வகுப்பில் நீங்கள் அதைச் சொன்னீர்கள். யார் எழுதியது எது என்று ஆவணம் தனித்தனி நிறத்தில் காட்டும், அதைப் பார்த்தே மதிப்பெண் என்று. அக்காவுக்கு நீலம், கண்ணாடிக்குப் பச்சை. ஒட்டியது நானென்பதால் பக்கமெல்லாம் நீலமாக இருந்தது.

கண்ணாடி பயந்துபோனாள். "காலேஜ் கம்ப்யூட்டர்ல உக்காந்து என் பகுதியை நானே திரும்ப அடிச்சிடவா? ஒரு பேப்பர் போனாலும் ஹாஸ்டல் இடம் போயிடும்டி. அப்புறம் படிப்பே இல்ல."

"தொடாதே, பக்கமெல்லாம் கலைஞ்சிடும். மேடம்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று அனுப்பினேன்.

நன்றி சொன்னாள்.

நீங்கள் திறந்தபோது பச்சையில் ஒரு வரியும் இல்லை. உங்களிடம் காட்ட அவள் போனை எடுத்தாளாம், அதிலும் ஒன்றும் இல்லையாம். "வேலையே செய்யாம அழுது சாதிக்கப் பாக்குறா" என்று அக்காவுக்குக் கோபம். அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, அவள் மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள்.

கண்ணாடியின் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை, மேடம். புள்ளி, கமா உட்பட அப்படியே ஒட்டினேன். அவள் எழுத்தை என்னைப்போல் மதித்தவர்கள் யாரும் இல்லை.

விடுதியைக் காலி செய்த அன்று பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அவ இல்லையா?"

"கடைக்குப் போயிருக்கா."

என் பின்னால் கணினி திறந்திருந்தது. திரையில் அவள் படமும் காலியான உரையாடலும். அதைப் பார்த்தாள், பிறகு என் விரல்களைப் பார்த்தாள்.

"அப்போ எனக்குப் பதில் போட்டதெல்லாம்…"

"நான்தான். எல்லாமே நான்தான் செஞ்சேன்" என்றேன். வெகு தூரம் போகிறவள் என்பது நினைவுக்கு வந்தது. "சாப்பிட்டியா?"

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். பசியில்லை போலிருக்கிறது.