இரண்டு கிராம் வெள்ளைப் பொடி

கற்றாழைச் சோறு கொஞ்சம் கசக்கும், ஐயா. முகத்துக்கு அந்தக் கசப்பு தெரியாது.

என் பெயர் அருக்காணி. மரக்காணம் உப்பளத்தில் இருபத்திரண்டு வருடம் உப்பு வாரியிருக்கிறேன். சுனாமிக்கு மறு வருடம் எங்கள் மகளிர் குழுவுக்கு க்ரீம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். நாள் முழுக்க வெயிலில் வெள்ளை உப்பையே பார்த்தால் கண்ணைச் சுற்றிக் கருத்துப்போகும். அதற்குப் பூசுவது. கற்றாழையைக் கழுவி அரைப்பது மற்றவர்கள் வேலை. எடை போடுவது நான். எனக்குக் கை நடுங்காது.

பயிற்சி கொடுக்கத் திண்டிவனத்திலிருந்து வந்த சகாதேவன் சார் கடைசியாக ஒரு வெள்ளைப் பொடியைக் காட்டினார். பாரபென் என்றார். ஒரு கிலோவுக்கு இரண்டு கிராம். அந்த அளவுக்குள் பயமில்லை. போடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாத கிருமியும் சேரும். கெடாமல் வைக்க உப்பே போதாதா என்று நான் கேட்டேன். நியாயமான கேள்விதான்.

குழுத் தலைவி அஸ்வினி, ப்ளஸ் டூ படித்தவள், சாருக்கு முன்னால் முந்திக்கொண்டாள்.

"யக்கா, இது கருவாடு இல்ல, க்ரீமு. பேசாம எடை போட்டுக் குடு."

பதினோரு பேரும் சிரித்தார்கள். செல்லம்மாள் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு நான்கு நாள் யாரிடமும் பேசவில்லை. அது என் வழக்கம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

ஐந்தாம் நாள் பொடிக்குப் பதிலாகத் தூள் உப்பைப் போட்டேன். அளவில் நான் ஏமாற்றுவதில்லை. சரியாக இரண்டு கிராம்.

ஒன்றரை மாதம் கழித்து விழுப்புரம் கண்காட்சியில் அஸ்வினி டப்பாவைத் திறந்தாள். உள்ளே பச்சைப்பசேல் என்று பூத்திருந்தது. பார்க்க வந்த அதிகாரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏம்மா, இது பூசறதுக்கா, நடறதுக்கா?" என்றார். எனக்கு அது போதும். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அதே சட்டிக் க்ரீமில் செல்லம்மாளும் ஒரு டப்பா வாங்கியிருந்தாள். அவளுடையது பச்சையாகவில்லை, பார்க்கப் புதிது போலவே இருந்தது. உப்பள வேலைக்கு நடுவே கழுவாத விரலை உள்ளே விட்டெடுத்து இமை ஓரம்வரை பூசுவாள். பக்கத்துப் பாத்தியில்தான் நான் நின்றிருந்தேன். சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். தினமும் நினைத்தேன். அவள் வலது கண்ணில் சீழ் கோத்து, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கண்ணையே எடுத்துவிட்டார்கள்.

அஸ்வினி கெமிக்கலைக் கலந்து கண்ணைக் கெடுத்துவிட்டாள் என்கிறது ஊர். அதற்காகத்தானே அவளை இந்த ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். பாவம், அதில் கெமிக்கல் இல்லாததுதான் குறை. அவளை அனுப்பிவிடுங்கள்.

இரண்டு கிராம் உப்பு ஒரு கிலோ க்ரீமைக் காக்காது என்று உனக்குத் தெரியாதா என்கிறீர்கள். மூன்று கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு போட்டுக் காயவைக்கிற ஊர், ஐயா. தெரியும்.

நீயும் தினமும் அதே க்ரீமைத்தானே பூசினாய், உனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்றும் கேட்டீர்கள். வீட்டுக்கென்று ஒரு டப்பா தனியாகக் கலந்தேன். அதில் சார் கொடுத்த பொடியை, சார் சொன்ன அளவிலேயே போட்டேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு உப்பின்மேல் நம்பிக்கை இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.